எட்டுத் தோட்டாவும் பதினைந்து நொடியும்: போர்ப் படங்களில் ஆயுதங்கள் எவ்வளவு உண்மை?

பல ஆண்டுகளுக்கு முன், ஒரே ஒருமுறை, சுடுகளத்தில் படுத்து ரைஃபிளால் சுட்டிருக்கிறேன். எனக்குக் கொடுக்கப்பட்டவை ஐந்து தோட்டாக்கள். எதிரே இருந்தது காகித இலக்கு. அது என்னைத் திருப்பிச் சுடப்போவதில்லை. பக்கத்தில் நின்ற பயிற்சியாளரும் அவசரப்படுத்தவில்லை. அப்படியிருந்தும் ஆறாவது முறையாக விசையை அழுத்தினேன். ‘டிக்’ என்று வறட்டுச் சத்தம் ஒன்று வந்தது, பயிற்சியாளர் சிரித்துவிட்டார். நிதானமாகப் படுத்திருக்கும் ஒருவனுக்கே ஐந்து வரை எண்ண முடியாமல் போகிறதென்றால், சுற்றிலும் குண்டுகள் விழும் இடத்தில் இருப்பவன் எப்படி எண்ணுவான் என்ற கேள்வி அன்றைக்கு மனத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு எந்தப் போர்ப் படத்தைப் பார்த்தாலும் என் விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கிவிடுகின்றன.

அந்தப் பழக்கத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, புகழ்பெற்ற போர்ப் படங்கள் சிலவற்றைக் கைக்கடிகாரமும் பென்சிலுமாக அண்மையில் மறுபடி பார்த்தேன். கதை, நடிப்பு, இசை ஆகியவற்றைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். இங்கே நான் பார்ப்பது, திரையில் வரும் ஆயுதம் உண்மையான ஆயுதத்தைப் போல நடந்துகொள்கிறதா, அதைச் சுமப்பவர் அதன் எடையையும் சத்தத்தையும் தட்டுப்பாட்டையும் உணர்கிறாரா என்பதை மட்டுமே.

இத்தகைய விவாதங்கள் பெரும்பாலும் மாதிரி எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. இந்த டாங்கி அந்த ஆண்டில் இருந்ததா, இந்தத் துப்பாக்கி அந்தப் படைப்பிரிவுக்கு வழங்கப்பட்டதா என்பன போன்ற கேள்விகள் அவை. அவற்றை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அவற்றுக்குக் குறைந்த மதிப்பெண்ணே ஒதுக்குகிறேன். 1965இல் வந்த ‘பேட்டில் ஆஃப் தி பல்ஜ்’ படத்தில் ஜெர்மனியின் டைகர் டாங்கிகளாக உலா வருபவை அமெரிக்காவின் எம்47 டாங்கிகள். 1968இன் ‘வேர் ஈகிள்ஸ் டேர்’ படத்தில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1945 டிசம்பரில்தான் முதன்முதலாகப் பறந்த பெல் 47 ஹெலிகாப்டர் ஒரு கோட்டைக்குள் வந்து இறங்குகிறது. பிழைகள்தாம், ஆனால் அவற்றுக்குக் காரணம் உண்டு. போருக்குப் பிறகு ஓடும் நிலையில் டைகர் டாங்கிகள் அனேகமாக எஞ்சவில்லை. எந்த நாட்டு இராணுவம் டாங்கியை வாடகைக்குத் தந்ததோ அதைத்தான் படமெடுக்க முடிந்தது. தோட்டா தீர்ந்துபோவதைக் காட்டுவதற்கு அப்படி எந்தச் செலவும் இல்லை. காசு செலவாகாத உண்மையைக்கூட ஒரு படம் சொல்ல மறுத்தால் மதிப்பெண்ணில் கை வைக்க வேண்டியதுதான்.

இந்த அளவுகோலில் 1998இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘சேவிங் பிரைவேட் ரையன்’ எங்கே நிற்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் அதற்குப் பின் வந்த போர்ப் படங்களெல்லாம் அதன் நிழலில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஓய்வுபெற்ற அமெரிக்க மரைன் படை கேப்டன் டேல் டை நடிகர்களைச் சில நாள் மழையிலும் சேற்றிலும் வைத்துப் பயிற்சி கொடுத்தார் என்பதும், தேடிக் கண்டுபிடிக்கப்படும் ரையனாக நடித்த மாட் டேமனை மட்டும் அந்தப் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்தார்கள் என்பதும் பலரும் அறிந்த செய்தி. அந்தப் பயிற்சியின் பலன் சண்டைக் காட்சிகளைவிட நடந்து செல்லும் காட்சிகளில்தான் தெரிகிறது. துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொள்ளும் விதத்திலும், உட்காரும்போது அதன் வாய் மண்ணில் படாமல் சாய்த்து வைக்கும் விதத்திலும் நடிப்பு தெரியவில்லை, சலிப்புத் தெரிகிறது. நாள் முழுக்கச் சுமந்தவனுக்கு வரும் சலிப்பு அது.

படத்தின் முதன்மை ஆயுதம் எம்1 கேரண்ட் ரைஃபிள். ஏறத்தாழ 4.3 கிலோ எடை. எட்டுத் தோட்டாக்களை ஒருசேரக் கவ்வியிருக்கும் உலோகக் கிளிப்பை மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தி உள்ளே செலுத்த வேண்டும். கவனம் தவறினால் பூட்டு முன்னால் பாய்ந்து விரலை நசுக்கிவிடும்; ‘எம்1 கட்டைவிரல்’ என்று சிப்பாய்கள் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். எட்டாவது தோட்டாவைச் சுட்டதும் வெறுங்கிளிப் மேலே துள்ளி வெளியேறும். அப்போது ‘ட்டிங்’ என்று மணி தட்டியதுபோல ஓர் ஓசை எழும். இந்தப் படத்தின் ஒலியமைப்பாளர்கள் அந்த ஓசைக்கு உரிய இடம் கொடுத்திருக்கிறார்கள். கூச்சலுக்கும் வெடிச்சத்தத்திற்கும் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக அது கேட்கும்போது, எண்ணும் வேலையைச் சிப்பாய்க்குப் பதிலாகத் துப்பாக்கியே செய்வது புரிகிறது. அந்த ஓசையைக் கேட்டு எதிரி பாய்ந்து வந்துவிடுவான் என்றொரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. ஐம்பது அறுபது மீட்டருக்கு அப்பால், பல துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் முழங்கும் இடத்தில், ஒரு தகரத் துண்டின் சிணுங்கல் யார் காதில் விழும்? படமும் அந்தக் கதையைக் கையில் எடுக்கவில்லை. அதற்காக ஒரு கூடுதல் மதிப்பெண்.

நேச நாட்டுப் படைகள் பிரான்ஸில் இறங்கும் ஒமாஹா கடற்கரைக் காட்சியைப் பற்றிப் பாராட்டு எழுதி எழுதியே பலர் ஓய்ந்துவிட்டார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதற்கும் அதே காட்சியில் சான்று இருக்கிறது. படகின் வாசல் கதவு விழுந்ததும் முன்வரிசையில் இருப்பவர்கள் சரிவதும், பக்கவாட்டில் குதித்தவர்கள் முதுகுச் சுமையின் எடையாலேயே நீருக்குள் அமிழ்வதும் 1944 ஜூன் 6 காலையில் நடந்தவைதான். ஆனால் நீருக்கடியில் மூழ்கியவர்களைத் தோட்டாக்கள் வெள்ளிக்கோடு இழுத்துக்கொண்டு வந்து துளைப்பதாகக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற காட்சி இயற்பியலுக்கு ஒத்துவராது. வேகமாக வரும் ரைஃபிள் தோட்டா நீரில் பட்டதும் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்ளாகவே தன் வலிமையை இழந்துவிடும். வேகம் கூடுதலாக இருந்தால் உடைந்து சிதறவும் செய்யும். அந்த வீரர்கள் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் இருந்திருந்தால் அவர்களைக் கொன்றிருக்கக் கூடியது சுமைதான், தோட்டா இல்லை. சுமையால் மூழ்குவது திரைக்குப் போதாது என்று நினைத்திருக்கிறார்கள் போலும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கடற்கரையின் அகலமும் கணக்கில் இடிக்கிறது. நீர் வற்றிய அந்த நேரத்தில் ஒமாஹாவில் படகிலிருந்து இறங்கியவர்கள் கூழாங்கல் மேட்டை அடைய முந்நூறு மீட்டரை ஒட்டிய திறந்தவெளியைக் கடக்க வேண்டியிருந்தது. படத்தில், அயர்லாந்தின் கராக்ளோ கடற்கரையில், அது சில பத்து மீட்டர்களாகச் சுருங்கிவிட்டது. படத்தின் நாயகர்களான அமெரிக்க ரேஞ்சர் படையினரை உண்மையில் கரைசேர்த்தவை பிரிட்டிஷ் கடற்படையினர் ஓட்டிய தாக்குதல் படகுகள். படத்தில் வருபவை அமெரிக்க ஹிக்கின்ஸ் படகுகள். இரண்டாவது பிழை மாதிரி எண் சார்ந்தது என்பதால் போகட்டும் என்று விடலாம். முதலாவதை அப்படி விட முடியவில்லை. தூரம் சுருங்கும்போது ஓட வேண்டிய நேரமும் சுருங்குகிறது; அந்த நேரம்தான் அங்கே ஆளைக் கொன்றது.

மேட்டின்மேல் இருக்கும் ஜெர்மன் எம்ஜி42 இயந்திரத் துப்பாக்கி நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,200 தோட்டாக்களைக் கக்கும். அதாவது நொடிக்கு இருபது. தனித்தனி வெடியாகக் காதுக்குப் பிரித்தறிய முடியாத வேகம் அது. கேட்டவர்கள் துணியைக் கிழிப்பதுபோல இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். படம் அந்தக் கிழிசல் ஓசையைப் பிடித்திருக்கிறது. ஆனால் ஐம்பது தோட்டாக்கள் கொண்ட ஒரு பட்டி இந்த வேகத்தில் இரண்டரை நொடிக்குள் தீர்ந்துவிடும். பட்டிகளைக் கோத்து நீட்டினாலும், சில நூறு தோட்டாக்களுக்குள் பழுக்கக் காய்ந்த குழலைக் கழற்றி வேறு குழல் மாட்டியாக வேண்டும். தேர்ந்த கைகளுக்கு அது சில நொடி வேலைதான். அந்தச் சில நொடிகளில்தான் கீழே இருப்பவன் எழுந்து ஓடுவான். குழல் மாற்றும் காட்சி என் கண்ணில் படவில்லை. ஒரே ஒருமுறை காட்டியிருந்தால், மேட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு என்று தெரிந்திருக்கும்.

படத்தின் இறுதிச் சண்டையில் இந்தக் குறைகளையெல்லாம் ஈடுகட்டிவிடும் இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, வழக்கமாகக் குழலில் போட்டு ஏவப்படும் சிறிய மார்ட்டர் குண்டுகளை அடித்தட்டில் ஓங்கித் தட்டிவிட்டுக் கையெறி குண்டைப்போல எறியும் காட்சி. முதன்முறை பார்த்தபோது இது சினிமாக்காரர்களின் கற்பனை என்று நினைத்துச் சிரித்தேன். மார்ட்டர் குண்டின் முனையிலுள்ள வெடிப்பான், குழலுக்குள் ஏற்படும் அதிர்ச்சியில்தான் விழித்தெழும். அந்த அதிர்ச்சியைக் கையால் தட்டியும் ஊட்டலாம். 1943 செப்டம்பரில் இத்தாலியின் அல்டவில்லாவில் சார்லஸ் கெல்லி என்ற அமெரிக்க வீரர் 60 மி.மீ. மார்ட்டர் குண்டுகளை இப்படியே எறிந்து சண்டையிட்டு, அந்நாட்டின் மிக உயரிய வீரப் பதக்கத்தைப் பெற்றிருக்கிறார். சிரித்ததற்காக வெட்கப்பட்டேன்.

இரண்டாவது இடத்தைப் போர்ப் படங்களில் நான் பார்த்த மிக உண்மையான காட்சி என்று தயங்காமல் சொல்வேன். மாடியறையில் இரண்டு வீரர்களின் இயந்திரத் துப்பாக்கி தோட்டா தீர்ந்து நிற்கிறது. தோட்டாப் பட்டிகளைக் கழுத்தில் மாலைமாலையாக அணிந்த மொழிபெயர்ப்பாளன் அப்ஹாம் அதே வீட்டின் படிக்கட்டில் அஞ்சி உறைந்து நிற்கிறான். மேலே ஒருவன் கத்தியால் மெல்ல மெல்லக் கொல்லப்படுகிறான்; கீழே பட்டிகள் கணகணக்கின்றன; நடுவில் இருப்பவை பத்துப் படிகள். படைகளில் வழங்கல் என்று தனிப்பிரிவே வைத்திருப்பது எதற்காக என்பதை இவ்வளவு கொடூரமாகவும் இவ்வளவு எளிமையாகவும் வேறு எந்தப் படமும் காட்டவில்லை. அமெரிக்கச் சிப்பாயின் இடுப்புப் பட்டியில் பத்துக் கிளிப்புகள், அதாவது எண்பது தோட்டாக்கள் இருக்கும். தோளில் தொங்கும் துணிப்பட்டியில் இன்னும் நாற்பத்தெட்டு. அதற்குமேல் வேண்டுமென்றால் யாரோ ஒருவன் படியேறி வந்துதான் ஆக வேண்டும்.

அந்தச் சண்டையில் வரும் டைகர் டாங்கி போலி. சோவியத் டி-34 டாங்கியின் அடிப்பாகத்தின்மேல் கட்டப்பட்ட கூடு. ஒன்றன்மேல் ஒன்று படிந்த சக்கர வரிசைக்குப் பதிலாக, இடைவெளி விட்ட ஐந்து பெரிய சக்கரங்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. முன்பே சொன்னபடி, இதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முந்நூறு மீட்டர் தொலைவிலிருந்து ஒருவன் ரைஃபிளால் சுட்டால், தோட்டா அரை நொடிக்குள் வந்து சேர்ந்துவிடும். வெடிச்சத்தம் வந்து சேர ஏறத்தாழ 0.9 நொடி ஆகும். ஒலியைவிட விரைவாகப் பறக்கும் தோட்டா சாட்டை சொடுக்கியதுபோல் தலைக்குமேல் ஒரு ‘சடக்’கை விட்டுச் செல்லும், அதன் பிறகே தொலைவிலிருந்து ‘டும்’ என்று துப்பாக்கியின் ஒலி கேட்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான நேரத்தை வைத்துத்தான் பழகிய சிப்பாய் எதிரியின் தூரத்தைக் கணிக்கிறான். பெரும்பாலான படங்களில் வெடிச்சத்தமும் காயமும் ஒரே இமைப்பொழுதில் நிகழ்ந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, ஏற்கெனவே தயாராக இருக்கும் துப்பாக்கியை யாராவது தூக்கிக் குறிபார்த்தாலே ‘கிளிக்-கிளாக்’ என்று ஒரு பூட்டொலியையும் சேர்த்துவிடுகிறார்கள். நட்டு கழன்ற துப்பாக்கிதான் அப்படிக் கலகலக்கும்.

காது விஷயத்தில் இரண்டு படங்களுக்கு முழு மதிப்பெண் தரலாம். ரிட்லி ஸ்காட்டின் ‘பிளாக் ஹாக் டவுன்’, 1993 அக்டோபர் 3, 4 தேதிகளில் சோமாலியாவின் மொகதிஷு நகரில் அமெரிக்கப் படையினர் நடத்திய சண்டையைச் சொல்வது; 2001இல் வெளிவந்தது. அதில் ஒரு வீரன் தன் தோழனின் தலைக்கு மிக அருகில் இயந்திரத் துப்பாக்கியை வைத்துச் சுட, தோழனுக்குக் காது கேட்காமல் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவனிடம் எதைச் சொன்னாலும் கத்த வேண்டியிருக்கிறது. சண்டைக்கு நடுவில் இது ஒரு நகைச்சுவைபோல வந்துபோகிறது, ஆனால் உண்மை. மற்றொன்று, எலெம் கிளிமோவின் 1985ஆம் ஆண்டுச் சோவியத் படமான ‘கம் அண்ட் சீ’. காட்டில் குண்டுகள் விழுந்தபின் சிறுவனின் காதுக்குள் எழும் ரீங்காரம் ஓரிரு நொடியில் மறைந்துவிடுவதில்லை; பார்ப்பவருக்கு எரிச்சல் வரும் வரை நீள்கிறது. அந்தப் படத்தின் சில காட்சிகளில் உண்மையான தோட்டாக்களையே பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். அதை நான் பாராட்டில் சேர்க்க மாட்டேன். நடிப்பவரின் தலைக்குமேல் நிஜத் தோட்டா பறந்தால்தான் கிடைக்கும் நம்பகத்தன்மை யாருக்கும் வேண்டாம். அந்த ரீங்காரத்தை உண்டாக்க ஒரு தோட்டாவும் தேவைப்படவில்லையே.

‘பிளாக் ஹாக் டவு’னில் நான் அதிகம் மதிப்பது சண்டை தொடங்குவதற்கு முந்தைய காட்சியை. சீக்கிரமே திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் வீரர்கள் இரவில் பார்க்க உதவும் கருவிகளை விட்டுவிட்டுப் போகிறார்கள்; தண்ணீரைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் தோட்டாக்களைத் திணிக்கிறார்கள்; முதுகுக் கவசத் தகட்டை எடுத்துவிடுகிறார்கள். இவையெல்லாம் உண்மையில் நடந்தவை. சண்டை மறுநாள் காலை வரை நீண்டதும் உண்மை. எதைச் சுமப்பது, எதை விடுவது என்ற முடிவு எத்தனை மணி நேரம் கழித்து ஆளைக் கடிக்கிறது என்பதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. எதிர்த்தரப்பில் நிற்கும் சோமாலியர்களுக்கு முகமோ கணக்கோ இல்லாமல், சுடுவதற்கும் விழுவதற்கும் மட்டுமே அவர்களைப் பயன்படுத்தியிருப்பது, ஆயுத நம்பகம் என்ற குறுகிய அளவுகோலிலேயே கூடப் பெரிய ஓட்டைதான்.

1940இல் பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் சிக்கிய படைகளை மீட்ட கதையைச் சொல்லும் கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கர்க்’ (2017) எனக்கு மிகவும் பிடித்த படங்களுள் ஒன்று. எனவே அதைச் சற்றுக் கடுமையாகவே எண்ணினேன். உண்மையான பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களைப் பறக்கவிட்டுப் படம்பிடித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஸ்டூகா குண்டுவீச்சு விமானங்கள் பாயும்போது காற்று விசையில் சுழன்று ஊளையிடும் அந்தச் சங்கொலி, கடற்கரையில் நிற்பவர்களைப் போலவே இருக்கையில் அமர்ந்திருப்பவரையும் குனிய வைக்கிறது. ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்களாக நடித்தவை, போருக்குப் பிறகு ஸ்பெயினில் பிரிட்டிஷ் மெர்லின் எஞ்சின் பொருத்திச் செய்யப்பட்ட புச்சோன் விமானங்கள்; அவற்றின் மஞ்சள் மூக்கு, டன்கர்க் மீட்பு முடிந்து சில வாரங்களுக்குப் பிறகே வழக்கத்திற்கு வந்த அடையாளம். யார் யார் என்று பார்ப்பவர் குழம்பாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள்; நியாயம்தான்.

என் வருத்தம் வேறு. விமானி ஃபாரியரின் எரிபொருள் அளவுமானி உடைந்துவிடுகிறது. உடனே அவர் மிச்சமிருக்கும் எரிபொருளைச் சக விமானியிடம் கேட்டுக் கேட்டுச் சாக்கட்டியால் எதிரே உள்ள பலகையில் குறித்துக்கொள்கிறார். படத்தின் இதயத்துடிப்பே அந்தச் சாக்கட்டிக் கணக்குதான். இவ்வளவு சிரத்தையாக எரிபொருளை எண்ணிய படம் தோட்டாவை மட்டும் எண்ணவே இல்லை. ஸ்பிட்ஃபயரின் இறக்கைகளில் எட்டு பிரௌனிங் துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் முந்நூறு தோட்டாக்கள். விசையை விடாமல் அழுத்தினால் மொத்தம் ஏறத்தாழ பதினைந்து நொடி. பதினைந்தே நொடி! அதனால்தான் விமானிகள் இரண்டு நொடி, மூன்று நொடி என்று கருமியைப்போலச் செலவழித்தார்கள். கைக்கடிகாரத்தை வைத்து ஃபாரியர் சுடும் நேரத்தை நான் கூட்டிக்கொண்டே வந்தேன். பதினைந்தைத் தாண்டிய பிறகும் அவருடைய துப்பாக்கிகள் ஓயவில்லை. நான்தான் பென்சிலைக் கீழே வைத்தேன். அந்தப் பலகையில் எரிபொருளுக்குப் பக்கத்திலேயே தோட்டாவுக்கும் ஒரு சாக்கட்டிக் கோடு இருந்திருந்தால் பதற்றம் இரட்டிப்பாகியிருக்கும்.

எஞ்சின் நின்றபின் சறுக்கிக்கொண்டே வரும் விமானத்திலிருந்து அவர் ஸ்டூகாவைச் சுட்டு வீழ்த்துவதைப் பலர் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலியில் பாதிதான் நியாயம். ஸ்பிட்ஃபயரின் துப்பாக்கிகள் அழுத்தக் காற்றால் இயங்குபவை. சேமிப்புக் கலத்தில் காற்று மிச்சமிருக்கும் வரை எஞ்சின் ஓடாவிட்டாலும் சுடும். சக்கரங்களைக் கையால் பம்பு அடித்து இறக்குவதும் தொடக்ககால ஸ்பிட்ஃபயருக்குச் சரியே. துப்பாக்கி இயங்குமா என்று அங்கே கேட்கக் கூடாது. தோட்டா ஏது என்றுதான் கேட்க வேண்டும்.

டேவிட் அயரின் ‘ஃபியூரி’ (2014) மாதிரி எண் ஆர்வலர்களுக்கு விருந்து. 1943இல் துனிசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றி, இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் பாதுகாத்துவரும் உண்மையான டைகர் டாங்கியையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பறக்கும் பாதையை ஒளிக்கோடாகக் காட்டும் டிரேசர் தோட்டாக்கள் அமெரிக்கத் தரப்பில் சிவப்பாகவும் ஜெர்மன் தரப்பில் பச்சையாகவும் பாய்வதைப் பார்த்து, விண்வெளிப் படம்போல் இருக்கிறதே என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கவசத்தில் பட்டு அவை வானத்தை நோக்கித் தெறித்து எழுவது உட்பட, அந்தக் காட்சிகள் நம்பத் தக்கவை. டாங்கிக்குள் ஐந்து பேர் ஒருவர் முழங்கால் மற்றொருவர் முதுகில் இடிக்க அமர்ந்திருப்பதும், எந்தக் குண்டை ஏற்றுவது என்று தளபதி கத்துவதும், ஏற்றுபவனின் கையும் சுடுபவனின் காலும் தாளம் தப்பாமல் இயங்குவதும் அழகு.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு, உண்மையான டைகரை முட்டாள்தனமாக நகர்த்துகிறார்கள். தொலைவிலிருந்து அடிப்பதும் தடித்த முன்கவசமும்தான் டைகரின் பலம். மறைவிலிருந்து முதல் குண்டை அடித்துவிட்டு, எஞ்சிய மூன்று அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளை நோக்கி அது தானாகவே திறந்த வயலுக்குள் உருண்டு வருவது எதற்காக? எதிரெதிர் டாங்கிகள் ஒரே சட்டகத்திற்குள் தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இறுதிச் சண்டை அதைவிட மோசம். கண்ணிவெடியில் சக்கரச் சங்கிலி அறுந்து நாற்சந்தியில் அசையாமல் நிற்கும் ஒரு ஷெர்மனை நாஜிகளின் எஸ்எஸ் படை வீரர்கள் முந்நூறு பேர் சூழ்கிறார்கள். அவர்களிடம் பான்ட்சர்ஃபவுஸ்ட் இருக்கிறது. அறுபது மீட்டருக்குள் 200 மி.மீ. எஃகைத் துளைக்கும் ஆயுதம். ஷெர்மனின் பக்கக் கவசம் 38 மி.மீ. இருளில் பக்கவாட்டில் பதுங்கி வந்து இரண்டு முறை சுட்டிருந்தால் படம் கால் மணி நேரம் முன்னதாகவே முடிந்திருக்கும். எஸ்எஸ் வீரர்களோ டாங்கியின் இயந்திரத் துப்பாக்கிக்கு நேராக அலையலையாக ஓடிவந்து விழுகிறார்கள். ஆயுதம் அசல், அதைப் பிடித்திருக்கும் மூளை அட்டை.

கையெறி குண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் அது வெடித்தால் ஆரஞ்சு நிற நெருப்புப் பந்து எழும்பும். அது பெட்ரோலின் வேலை. உண்மையான குண்டு வெடித்தால் சாம்பல் புகையும் புழுதியும் கன்னத்தில் அறைந்தாற்போல் குறுகிய ஒரு சத்தமும்தான்; கொல்பவை கண்ணுக்குத் தெரியாத இரும்புச் சில்லுகள். அதன் ஊசியைப் பல்லால் கடித்து இழுப்பவர்களுக்குப் பல் மருத்துவரைப் பரிந்துரைக்கலாம். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’வில் (2006) குகைக்குள் ஜப்பானியச் சிப்பாய்கள் ஊசியை உருவிக் குண்டைத் தலைக்கவசத்தில் தட்டி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் காட்சி இதற்கெல்லாம் மறுமுனையில் நிற்கிறது. ஜப்பானின் 97ஆம் வகைக் குண்டு அப்படித் தட்டினால்தான் பற்றும். பற்றியபின் வெடிக்க நான்கைந்து நொடி ஆகும். தட்டிய ஒவ்வொருவனும் இனி திரும்ப முடியாத அந்த இடைவெளியில் என்ன செய்கிறான் என்பதைக் கேமரா விலகாமல் பார்க்கிறது. பார்க்க முடியாமல் நான்தான் விலகினேன்.

வொல்ஃப்காங் பீட்டர்சனின் ‘தாஸ் பூட்’ (1981) பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அதில் குறை காண எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. துப்பாக்கிகள் அனேகமாக இல்லாத போர்ப் படம் அது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இருப்பவர்களுக்கு எதிரி என்பது ஓர் ஒலி மட்டுமே. ஆழமானியின் முள் 280 மீட்டர் வரை இறங்குகிறது. அந்த முள்ளும் ஒரு கணக்குதானே. படம் அதை ஓரிடத்திலும் ஏமாற்றவில்லை.

கடைசியாக வைத்த படம் மெல் கிப்ஸனின் ‘ஹாக்ஸா ரிட்ஜ்’ (2016). ஆயுதம் ஏந்த மறுத்த மருத்துவ உதவியாளர் டெஸ்மண்ட் டாஸ், 1945 மே மாதம் ஒகினாவாவில் ஏறத்தாழ 75 பேரைப் பாறைமுகட்டிலிருந்து கயிற்றில் இறக்கிக் காப்பாற்றிய உண்மைக் கதை. அதன் சண்டைக் காட்சிகளில் ஒன்றில் ஒரு வீரன் இடுப்புக்குக் கீழ் இல்லாத ஓர் உடலை ஒரு கையில் கேடயமாகத் தூக்கிக்கொண்டு, மறுகையால் பிஏஆர் என்ற தானியங்கி ரைஃபிளைச் சுட்டபடி எதிரிகளை நோக்கி ஓடுகிறான். அந்தத் துப்பாக்கி மட்டும் எட்டு கிலோவுக்கு மேல். அதன் பெட்டியில் இருபது தோட்டாக்கள். நொடிக்குப் பத்து என்று வைத்தால் இரண்டு நொடிச் சரக்கு. ஒரு கையில் பிணமும் மறுகையில் துப்பாக்கியும் இருக்க, மூன்றாவது நொடியில் பெட்டியை மாற்ற எந்தக் கை? மனித உடலோ ரைஃபிள் தோட்டாவை நிறுத்தும் சுவரும் அன்று.

இந்தக் கட்டுக்கதைக்குத் திரையில் இடம் கிடைத்தது. டாஸுக்கு உண்மையில் நடந்த ஒன்றுக்குக் கிடைக்கவில்லை. கையெறி குண்டால் காலில் காயம்பட்டு, ஐந்து மணி நேரம் காத்திருந்து, தூக்கிச் செல்ல வந்த தூளியைத் தன்னைவிட மோசமாகக் காயம்பட்டவனுக்குக் கொடுத்துவிட்டார் அவர். அடுத்த தூளிக்காகக் காத்திருக்கையில் எதிரியின் தோட்டா கை எலும்பை முறித்தது. அப்போது அவர் ஒரு ரைஃபிளின் கட்டையை எடுத்து முறிந்த கைக்குக் கட்டாகக் கட்டிக்கொண்டு, முந்நூறு கெஜம் கரடுமுரடான நிலத்தில் ஊர்ந்து முதலுதவி நிலையத்தை அடைந்தார் என்று அவருடைய பதக்கச் சான்று சொல்கிறது. அந்தச் சான்றில் டாஸின் கைக்கு ரைஃபிள் வரும் ஒரே இடம் அது. படத்தில் அந்தக் காட்சி இல்லை.